கடைசி வண்டி சிரிக்கும் வரை

என் தங்கை மணிமொழி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் நடந்த ஸ்டாண்ட்-அப் காமெடி போட்டியில் முதல் பரிசு. அதில் கலந்துகொண்டவர்களில் டிராக்டர் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருந்தது அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு திருச்சியிலும் பாண்டிச்சேரியிலும் கோயம்புத்தூரிலும் டிக்கெட் தீர்ந்துபோன நிகழ்ச்சிகள். கள்ளக்குறிச்சியில் பந்தியே போடாமல் நிரம்பி வழிந்த ஒரு கல்யாண மண்டபம். கரும்பு லோடோடு டிரெய்லரை ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்தியதற்காக, யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத டிரைவர்களிடமிருந்து ஒரு "ம்". எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் அப்பாவின் சிரிப்பு. இந்தக் கடைசிப் பரிசுக்குத்தான் ரொம்ப நாள் ஆனது.

நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். அழகாக எழுதத் தெரியாது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத் தெரியும்.

எங்கள் நிலம் மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில். அப்பா கந்தசாமி கரும்பைத் தவிர வேறு பயிர் வைத்ததில்லை. அம்மா ராஜாம்பாள். மணி என்னைவிட எட்டு வயது இளையவள். கள்ளக்குறிச்சியில் பி.காம். முடித்துவிட்டு அங்கேயே ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் அவள் பெரிய வாயாடி என்று சொல்ல முடியாது. வீட்டில் எல்லாரும் பேசி முடித்த பிறகு ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். அப்பா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

2021-ஆம் வருஷம், சர்க்கரை ஆலையில் அரவை ஆரம்பித்த வாரத்திலேயே அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. எங்கள் டிராக்டரை ஓட்டிய ஆள் அதற்கு முன்பே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். கல்வராயன் மலையிலிருந்து வந்திருந்த வெட்டாட்களோடு நான் வயலில் நிற்க வேண்டும். லோடை ஆலைக்கு யார் கொண்டுபோவது? வெட்டிய கரும்பு காயக் காய எடை குறையும்.

மணி, "சாவியக் குடுண்ணா" என்றாள்.

கட்டிலில் கிடந்த அப்பா, "பொம்பளப் புள்ள ஆலை யார்டுல போய் நிக்கறதா?" என்றார்.

"ஓட்டறது ஆம்பளயா பொம்பளயான்னு கரும்புக்கு இன்னா தெரியும்? நீ சும்மா படு" என்றாள் அம்மா.

மணி சின்ன வயதிலிருந்தே உழவுக்கு வண்டி ஓட்டியவள். லோடு வண்டி வேறு விஷயம். பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது பழகிய ஆண்களே திணறுவார்கள். அதற்காகவே அவள் ஒரு நாள் முழுக்க எங்கள் களத்தில் காலி டிரெய்லரை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தில் இரண்டு தடவை இடித்தாள். அது இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது.

ஆலை யார்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லார் கரும்பும் ஒரே சமயத்தில் வெட்டுக்கு வந்தால் வண்டிகள் எடைமேடைக்கு வரிசையில்தான் நிற்கும். முன்னால் டிராக்டர்கள், வால் பக்கம் மாட்டுவண்டிகள். டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கிப் போகமாட்டார்கள், வரிசை எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. அதனால் முன்னால் ஒருவர் சொன்னதைப் பின்னால் இருப்பவர் திரும்பி அடுத்த வண்டிக்குச் சொல்வார். அவர் அதற்கடுத்த வண்டிக்கு. ஆலைச் சேதி, ஊர்ச் சேதி எல்லாம் அப்படித்தான் வால் வரைக்கும் போகும்.

முதல் நாள் மணிக்குப் பின்னால் நின்றது பச்சமுத்து அண்ணனின் வண்டி. எங்கள் ஊர்க்காரர், நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"இன்னா பாப்பா, ஓட்டிக்கினு வந்துட்ட. ரிவர்ஸ்லாம் வருமா?"

"நல்லா வருண்ணா. என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் இன்னா வேகத்துல ரிவர்ஸ் எடுத்தாங்கன்னு பாத்துதான் கத்துக்கினேன்."

பச்சமுத்து அண்ணன் சீட்டில் உட்கார்ந்தபடியே ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். திரும்பி அடுத்த வண்டிக்குச் சொன்னார். அது போய்க்கொண்டே இருந்தது. வால் பக்கம் மாட்டுவண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது, "மாப்ள வூட்டுக்காரங்க ரிவர்ஸ்ல வந்து பொண்ணு வூட்டு செவுத்தையே இடிச்சிட்டாங்களாம்" என்று ஆகியிருந்தது. அவர்களும் நன்றாகவே சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவள் வண்டி உள்ளே நுழைந்தால் போதும், "இன்னிக்கி இன்னா மணி?" என்று கேட்பார்கள். அவளும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். ஒன்று சொல்வாள். பேசாமல் வால் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாட்டுவண்டிக்காரர்கள் சிரிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்தது. ஏன் அப்படி என்று நான் கேட்டேன். "அவசரப்பட்டா, ரெண்டாவதா சொன்னது மொதல்ல சொன்னதப் போய்ப் பின்னாடி முட்டிக்கும்ண்ணா. லோடு வண்டி மாதிரிதான், எடம் வுடணும்" என்றாள்.

பச்சமுத்து அண்ணன் ஒருநாள் அதைச் செல்போனில் பிடித்துக் கரும்பு விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அது எங்கெங்கோ சுற்றி, சென்னையில் ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிகள் நடத்துகிற அருள்மொழி என்கிற அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. ஒற்றை ஆளாக மைக் முன்னால் நின்று ஜனங்களைச் சிரிக்க வைப்பது ஒரு வேலை, அதற்கு டிக்கெட் வாங்கி வருகிறார்கள் என்பதே அவர் போன் செய்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் தருகிறேன், வா என்றார்.

முதல் தடவை மணி போனது வடபழனியில் ஒரு காபிக் கடை மாடி. பொண்ணு பார்த்த ஜோக்கைச் சொன்னாள். முன்வரிசை லேசாகச் சிரித்தது. இவள் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டு கடைசி வரிசையையே பார்த்தபடி நின்றுவிட்டாள். அங்கே வால் ஏது? மொத்தமே சின்ன அறை. பேச வேண்டியது மறந்துவிட்டது போல என்று நினைத்து, பாவப்பட்டு, "பரவால்ல சிஸ்டர், மெதுவா சொல்லுங்க" என்று கை தட்டினார்கள். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்றாள் மணி.

அடுத்த தடவை, நின்றால்தானே வம்பு என்று நிற்காமல் ஓட்டினாள். எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது அழைப்பு 2024 தைப் பொங்கல் முடிந்து வந்தது. இந்த முறை போட்டி. அருள்மொழி ஒளிக்காமல் சொன்னார்: "உன்ன எனக்குப் புடிக்கும் மணி. ஆனா இதுவும் எடுபடலன்னா இனிமே உனக்கு மேடை குடுக்க எனக்குக் காரணம் கிடைக்காது."

அப்பா அதற்குள் கைத்தடியோடு நடமாட ஆரம்பித்திருந்தார். "ரெண்டு வாட்டி போன. ரெண்டு வாட்டியும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வந்த. எம்புள்ள அப்பிடி வர்றது எனுக்குப் புடிக்கல. இதான் கடசி. சிரிச்சா போய்க்கினே இரு. சிரிக்கலன்னா வுட்டுடு, நமக்குக் கரும்பு போதும்" என்றார். மணி சரி என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை பஸ்சில் நானும் கூடப் போனேன். பச்சமுத்து அண்ணனும் வந்தார். "அவ வண்டிக்குப் பின்னாடி எப்பவும் என் வண்டிதானே" என்றார். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் மணி, "நிக்கவா, ஓடவாண்ணா?" என்று கேட்டாள்.

"எனுக்கு இன்னா தெரியும்? யார்டுல எப்பிடியோ அப்பிடிப் பண்ணு" என்றேன்.

பகல் பதினொரு மணிக்குப் போட்டி. அதே மாடி. எங்களுக்குக் கடைசிக்கு முன் வரிசையில் இடம் கிடைத்தது. எங்களுக்குப் பின்னால் காபி மெஷின் சீறிக்கொண்டிருந்தது. மணி மேடையேறினாள். பொண்ணு பார்த்த ஜோக்கைச் சொன்னாள். முன்னால் சிரித்தார்கள், அடங்கினார்கள். அவள் நின்றாள். நான் சொன்னபடியே, யார்டில் நிற்கிற மாதிரியே, வால் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அறை முழுக்க அமைதி. ஏன் அப்படிச் சொன்னோம் என்று நொந்துகொண்டேன்.

அப்போது காபி போடுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டு, "என்ன சொன்னாங்க?" என்று முணுமுணுத்தார். அவ்வளவுதான். பச்சமுத்து அண்ணன் எழுந்து, திரும்பி நின்று, யார்டில் கத்துகிற அதே குரலில் கத்தினார்:

"பொண்ணு பாக்க வந்தவனுங்க எல்லாம் ரிவர்ஸ்லயே ஓடிட்டானுங்களாம்! அதப் பாத்துத்தான் இது வண்டி ஓட்டக் கத்துக்கிச்சாம்!"

காபி போடுகிறவர் விழுந்து விழுந்து சிரித்தார். மற்ற எல்லாரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

மேடையிலிருந்து மணி, "சாரிங்க. அவரு என் பின்னாடி வண்டி" என்றாள்.

முதல்முறையாக அந்த அறை மொத்தமும் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு யார்டைப் பற்றிச் சொன்னாள், வரிசையைப் பற்றி, மாட்டுவண்டிக்குப் போய்ச் சேர்ந்த இடிந்த சுவரைப் பற்றி. அப்புறம், "இனிமே நீங்கதான் வண்டிங்க. முன்வரிசைக்கு மட்டும் காதுல சொல்லுவேன். பின்னாடி அனுப்புங்க. கடைசி வண்டி சிரிச்சாதான் அடுத்தது" என்றாள்.

அனுப்பியது அப்பாவைப் பற்றி. அது முழுக்க நிஜம். அவர் கட்டிலில் கிடந்தபோது, வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதே என்று சொல்வதற்காகவே, அவள் வண்டி ஓட்டும்போதெல்லாம் போன் செய்வார். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று திட்டு. எடுக்காவிட்டால் எனக்குப் போன்: "அவ போன எடுக்கல, இன்னான்னு போய்ப் பாரு."

வந்திருந்தவர்கள் பெரிய பெரிய உத்தியோகம் பார்க்கிறவர்கள் போல இருந்தார்கள். ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுத்து, இடையிடையே வெடித்துச் சிரித்து, அதை அனுப்பிக்கொண்டே வந்தார்கள். காபி போடுகிறவரைக் கூப்பிட்டு, அவரிடம் வந்து சேர்ந்ததைச் சொல்லச் சொன்னாள் மணி. அவர், "அவங்கப்பா டிராக்டருக்குத் தனியா ஒரு போன் வாங்கிக் குடுத்திருக்காராம்" என்றார். நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

பரிசை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியதும் அப்பாவிடமிருந்து போன். மணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஓட்டிக்கினு இல்லயே?"

"பஸ்ல இருக்கம்பா."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்கப்பா."

"எல்லாருமா?"

"கடைசி ஆளு வரைக்கும்."

"சரி, வை" என்றார்.

அப்புறம் ஒரு வருஷம் அவள் ஊர் ஊராகப் போனாள். அப்பா எதுவும் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. கள்ளக்குறிச்சியில் மண்டபம் எடுத்தபோதுதான், "எனுக்குக் கடசி வரிசையில ஒரு சேர் போடச் சொல்லு" என்றார். யார்டு டிரைவர்கள், வெட்டாட்கள், ஜவுளிக்கடையில் அவளோடு வேலை பார்த்தவர்கள், முதலாளி தஸ்தகீர் பாய் குடும்பத்தோடு என்று மண்டபம் நிறைந்தது. அப்பா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்.

மணி அதே போன் கதையை முன்வரிசையில் அனுப்பினாள். யாரைப் பற்றி என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஒவ்வொரு வரிசையும் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டே அனுப்பியது. கடைசியில் பாய் குனிந்து அப்பாவின் காதில் சொன்னார். அப்பா எழுந்தே விட்டார்.

"இன்னாது, நான் வண்டி ஓட்டிக்கினே போன் பேசினனா? எவன் சொன்னான்? நான் கட்டில்ல படுத்துக்கினு இல்ல பேசினேன்! வண்டி ஓட்டினது அவ!"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. மணி மேடையில் பேசாமல் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சுற்றிலும் பார்த்தார். உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வாய்விட்டு, கைத்தடி கீழே விழ, சிரித்தார். என் முப்பத்தைந்து வயதில் நான் கேட்காத சத்தம் அது. அது அடங்கிய பிறகுதான் மணி அடுத்ததைச் சொன்னாள்.

முடிந்து வெளியே வந்தோம். "மூணு நாளாச்சு, லோடுக்கு டிரைவர் ஒருத்தரப் பேசிட்டேன்" என்றார் அப்பா, யாரிடமோ சொல்வதுபோல. "நீ அந்த மேடை வேலயப் பாரு."

"வாரத்துக்கு ஒரு லோடு நான்தான்பா ஓட்டுவேன்" என்றாள் மணி. "இல்லன்னா பேச எதுவும் கெடைக்காது."

பச்சமுத்து அண்ணன் பட்டையான மார்க்கர் பேனாவோடு ஓடிவந்தார். மண்டபத்து வாசலில் நின்றிருந்த தன் டிராக்டரின் மட்கார்டில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்பா தடியைக் குறுக்கே நீட்டினார்.

"இருய்யா. மொதல்ல நம்ம வண்டி."

நாங்கள் எல்லாரும் வந்த எங்கள் டிரெய்லரின் பின்கதவில் அப்பாவின் பெயரும் என் பெயரும் பெயிண்டில் எழுதியிருக்கும். அதன் கீழே, வரிசையில் பின்னால் நிற்கிற வண்டிக்கு நன்றாகத் தெரிகிற இடத்தை அப்பா விரலால் காட்டினார். காலேஜிலும் பேங்கிலும் மணி எத்தனையோ இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். போடு என்று ஒருவர் ஆசையாகக் கேட்டு அவள் போட்ட முதல் கையெழுத்து இதுதான். கீழே தேதியையும் போடச் சொன்னது நான்: 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை.