டீச்சருக்கு வாங்கிய சால்வை

என் வீட்டுக்காரர் சிரித்து நான் பார்த்தது ரொம்பக் குறைவு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்தரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் முப்பது வருஷம் தனியாக உட்கார்ந்திருந்த மனுஷனுக்குப் பேச்சே குறைவு, சிரிப்புக்கு எங்கே போக என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஓய்வு பெற்ற மறுவருஷம், மில்லர்புரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் சர்க்கரை நோயாளிகளுக்காகச் சிரிப்பு யோகா ஆரம்பித்தார்கள். இவரும் போய்ச் சேர்ந்தார். காலை ஆறரைக்கு நான் அடுப்படியில் நிற்கும்போது "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று முப்பது பேர் சிரிப்பது கேட்கும். அதில் ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஏறும். அது இவர் குரல்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

சிரிக்கச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், முழங்கால் வலிக்காரர். வேறு மாதிரி சந்தேகப்பட அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் பொறாமை வந்தது. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, கண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி உண்டாம். முதலில் பொய்ச் சிரிப்பாகத்தான் இருக்குமாம், கொஞ்ச நேரத்தில் நிஜச் சிரிப்பு வந்துவிடுமாம். சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் கண்ணைப் பார்த்து இவர் கடைசியாக எப்போது பேசினார் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"நானும் வரட்டா?" என்று கேட்டேன்.

"ஒனக்குத்தான் சுகர் இல்லயேளா" என்றார்.

தனக்குச் சர்க்கரை வரவில்லையே என்று வருத்தப்பட்ட முதல் ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

சில மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் அவருடைய சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது. "சிரிப்பு மனசுக்கு நல்லது, விடாதீங்க. ஆனா ஊசி, மாத்திரை, சாப்பாடு எல்லாம் இப்ப மாதிரியே இருக்கணும்" என்றார் டாக்டர். இவர் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் "எல்லாம் டீச்சர் புண்ணியம்" என்றார். கம்பும் வரகும் பொங்கிப் போட்டது யார்? இவர் கண்ணில் படக்கூடாதென்று வீட்டுக்குள் மக்ரூனே வராமல் பார்த்துக்கொண்டது யார்? அதுவும் அந்த இனிப்புக்கே பேர்போன தூத்துக்குடியில் இருந்துகொண்டு! தினமும் டார்ச் அடித்து உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று பார்க்கிறவள் நான். புண்ணியம் மட்டும் டீச்சருக்கு.

அன்று சாயங்காலம் பஜாருக்குப் போய் ஒரு சால்வை வாங்கிவந்தார். அரக்கு நிறம், சரிகைக் கரை. மறுநாள் காலையில் எல்லார் முன்னாலும் டீச்சருக்குப் போர்த்த வேண்டுமாம். தொட்டுப் பார்த்தேன், நல்ல துணி. எனக்கு ஒரு கைக்குட்டைகூடத் தானாக வாங்கிவராத மனுஷன். அதன் பிறகு அவரோடு நான் பேசவில்லை.

இரவில் இன்சுலின் போடுகிறவர், காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சிக்குப் போகக் கூடாது, சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். அதற்காக இரண்டு பிஸ்கட்டைத் தாளில் மடித்து அவர் சட்டைப் பையில் வைப்பேன். பூங்கா வாசலில் தின்றுவிட்டு உள்ளே போவார். மறுநாள் காலையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அப்படியே மூடிவிட்டேன். ஒரு நாளைக்கு என் அருமை தெரியட்டும் என்று நினைத்தேன்.

அவர் போய்க் கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். கவலைப்பட்டுப் போனேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். சால்வை போர்த்தும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் போனேன்.

சிரிப்பு முடிகிற நேரம். டீச்சர் கையைத் தட்டினார், எல்லாரும் நிறுத்தினார்கள். இவர் நிறுத்தவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் குஷியாகிவிட்டார்கள். "அண்ணாச்சி இன்னைக்கு என்னமா சிரிக்காரு பாருங்க" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் அவர் சட்டையைப் பார்த்தேன். மார்கழிக் காற்றில் எல்லாரும் மப்ளர் சுற்றி நிற்க, இவர் முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது.

"சிரிக்கல அவரு! சுகர் எறங்கிட்டு! ஏதாவது இனிப்பு குடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

முப்பது பேரும் பையைத் துழாவினார்கள். ஒருவரிடமும் ஒரு மிட்டாய் இல்லை. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் ஆசைப்படக்கூடாதென்று, இனிப்பையே பூங்காவுக்குள் கொண்டுவருவதில்லை என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடாம். டீச்சர்தான் அந்த முழங்காலோடு வாசலுக்கு ஓடி, டீக்கடை அண்ணாச்சியிடமிருந்து ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து வாங்கிக்கொண்டு வந்தார். இவரை உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு என்னைப் பார்த்து, "நீ எப்ப வந்த?" என்றார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? நாங்க நல்லா சிரிக்காருன்னுல்லா நெனச்சோம்" என்று டீச்சர் அழுதேவிட்டார். பெஞ்சில் கிடந்த இவர் பையிலிருந்து சால்வையை எடுத்து, டீச்சருக்குப் போர்த்த இவர் வாங்கிவந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். டீச்சர் அதை வாங்கி என் தோளில் போர்த்தினார். "இது ஒங்களுக்குத்தான் சேரணும்." எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்ட மனசு. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வரவில்லை. சால்வையோடு வீட்டுக்கு வந்தேன்.

இட்லி வைத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு தின்று முடித்த பிறகு சொன்னேன். "பிஸ்கட்ட நான் மறக்கல. வேணும்னுதான் வைக்கல."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"பூங்கா வாசல்ல பையத் தொட்டுப் பாத்தேன். நீ எதையும் மறக்குற ஆளா?"

"அப்ப ரெண்டு எட்டு வீட்டுக்கு வந்து கேக்கக் கூடாதா?"

தட்டிலேயே கையைக் கழுவினார். பிறகு, "கேட்டா, ஒங்க டீச்சர்ட்டப் போயிக் கேளுங்கன்னு சொல்லுவ. காலங்காத்தால அத ஏன் கேக்கணும்னுதான் உள்ள போயிட்டேன்" என்றார்.

அதைத்தான் சொல்லியிருப்பேன், ஒரு வார்த்தை மாறாமல். மயங்கி விழுவதைவிட என் வாய்க்குத்தான் அவர் பயந்திருக்கிறார்.