ஒரு வாய்க் கஞ்சி

கோச்சடைக்கு மேற்கே, வீட்டு மனைகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் மூன்று ஏக்கர் வயலுக்கு நான் நிர்வாகி. யாரோ ஒரு புண்ணியவான் தர்ம ஆஸ்பத்திரிக்கு எழுதிவைத்த நிலம். விற்கக்கூடாது, கட்டடம் கட்டக்கூடாது, விளையும் நெல் நோயாளிகளின் கஞ்சிக்கே போக வேண்டும், நிர்வாகி அதில் ஒரு மணியும் தின்னக்கூடாது என்று பத்திரம் சொல்கிறது. மனை புரோக்கர்களைத் திட்டி விரட்டுவதில் இருந்த அதே வீம்பு எனக்கு அந்தக் கடைசி விதியிலும் இருந்தது.

என் மனைவி அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஒரு காலையில் கஞ்சியை ஸ்பூனில் எடுத்து என் வாயருகே நீட்டினாள்.

"இம்புட்டு வருசமா காவல் காக்குறீங்க. எப்படி இருக்குன்னு ஒரு வாய் குடிச்சுத்தான் பாருங்களேன்."

"பத்திரத்துல கூடாதுன்னு இருக்கு" என்றேன்.

அவள் சிரித்தாள். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தானே குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த வாரமே போய்விட்டாள்.

நேற்று அறுவடை. வயலைக் குத்தகைக்குப் பயிரிடுபவர், "அண்ணே, ஒரு படி வீட்டுக்குக் கொண்டு போங்க, யாரு பாக்கப் போறா?" என்றார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். நெல்லை ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டுக் குவியலிலேயே போட்டேன்.

வீட்டுக்கு வந்து, நெல் தூசி ஒட்டிய கையைக் கழுவாமலே கடை அரிசிச் சோற்றைப் பிசைந்து தின்றேன். அவள் சொன்ன ருசி அதில் இல்லை.