போலீஸ் வண்டியில் ஒரு சவாரி

என் தாய்மாமா திருடினார். அதை மறைக்க நான் இதை எழுதவில்லை. திண்டுக்கல்லில் வேலை பார்த்த பூட்டுப் பட்டறையிலேயே பித்தளைக் கட்டிகளைத் திருடி மாட்டிக்கொண்டு, இரண்டு வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தார். திருடியதற்கு இரண்டு வருடம் என்றால், அது முடிந்ததும் மனுசனை விட்டுவிட வேண்டுமா இல்லையா? விடவில்லை. எந்தத் திருவிழாவுக்குக் கொடி ஏறினாலும் முந்தின நாளே போலீஸ் வந்து அவரைக் கூட்டிப்போய் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிடும். புதிதாக ஒன்றும் செய்திருக்க மாட்டார். செய்துவிடுவாராம்! கூட்டத்தில் எவனாவது சங்கிலியை அறுத்தால், காட்டுவதற்குக் கையோடு ஒரு ஆள் வேண்டுமே.

எனக்கு அப்போது ஏழு வயது. வீடு நாகல் நகரில். மாமா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் மாவு பிசையச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஜெயிலுக்குப் போனவர் என்று முதலாளிக்குத் தெரியாது. திருவிழா அன்று பரோட்டாக் கல்லில் நிற்கவைத்துப் பார்க்கிறேன், சரியாக வந்தால் இனி நீதான் மாஸ்டர் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு நாளுக்காக மாமா வீட்டுப் பக்கமே வராமல் கடையிலேயே படுத்துக்கொண்டார். ஏட்டையா வீட்டுக்கு வந்து கேட்டபோது, "அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்ட்டான்யா" என்று அம்மா கூசாமல் சொன்னாள். என்னிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சின்னப்பிள்ளையாம்.

தெருமுனையில் விளையாடிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து ஏட்டையா வண்டியை நிறுத்தினார்.

"ஏத்தா, ஒங்க மாமா எங்கன வேல பாக்குறாரு? காட்டுனா வண்டியில கூட்டிட்டுப் போவேன்."

அவ்வளவுதான் கேட்டார். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நான் அங்கே போய்ச் சால்னா ஊற்றிச் சாப்பிட்டிருந்தேன். வழி தெரியாதா? கூட விளையாடிய பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்க, பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து ராணி மாதிரி போனேன். கடை வந்ததும் "இந்தா, இதுதான்" என்று கையை வேறு நீட்டினேன்.

கடை நிறைய ஆட்கள். "ஏலே, ஒளிஞ்சா விட்ருவமா? வந்து ஏறுடா" என்று ஏட்டையா வாசலிலேயே கத்தினார். மாமா மாவுக் கையோடு ஓடி வந்தார்.

"ஐயா, சத்தம் போடாதீங்கய்யா. நாளைக்கு ஒருநா மட்டும் விடுங்க. அதுக்கப்புறம் நானே வந்து உக்காந்துக்கிறேன்."

"என்ன ஏட்டையா, என்ன கேசு?" என்று முதலாளி எழுந்து வந்தார்.

"திருட்டுக் கேசு. தெரியாமயா வச்சிருக்கீரு?"

நான்கு மாதமாகக் கடைச்சாவி மாமாவின் இடுப்பில்தான் கிடந்தது. ஒரு கரண்டி காணாமல் போனதில்லை. அந்த முதலாளி அதை யோசித்தாரா? என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டாரா? சாவியை வாங்கிக்கொண்டு, "கையக் கழுவிட்டுக் கெளம்புப்பா, இனி இங்கிட்டு வராத" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மாமா கையைக் கழுவிவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பாப்பாவ வீட்ல விட்ருங்கண்ணே" என்று சப்ளையரிடம் சொல்லிவிட்டு வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி கிளம்பியதும் நான் ரோட்டில் நின்று வீறிட்டு அழுதேன். மாமா மேல் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் பார் என்று கடையில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

நான் அதற்கு அழவில்லை. திரும்பிப் போகும்போதும் என்னைத்தான் வண்டியில் ஏற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன்.