எடையளவு ஆய்வாளரின் இரண்டு வீச்சுகள்

எடையளவுத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற அவர், எதையும் கண்ணளவில் நம்பியதில்லை. அவர் வீட்டுச் சர்க்கரை டப்பாவின் மேல், அதைத் திறந்த நாளும் அன்றைய எடையும் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். முடி திருத்துபவரிடம் "கொஞ்சம் குறைச்சு வெட்டுங்க" என்று சொல்லமாட்டார். "ஒன்றரை சென்டிமீட்டர்" என்பார். அத்தகைய மனிதர் ஒரு சிறு குளத்தின் அகலத்தைச் சரியாக அறிந்திருந்தும், அதன் அக்கரையில் ஒரு பந்தை விழவைக்க முடியாமல் ஓராண்டு தவித்தார். அந்தக் கதையை இன்று அவரே மற்றவர்களை முந்திக்கொண்டு சொல்லிச் சிரிக்கிறார்.

கோல்ஃப் ஆடவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டவரல்லர். ஓய்வு பெற்ற இரண்டாம் மாதத்திலேயே வீட்டிலிருந்த அனைத்தையும் அளந்து முடித்துவிட்டார். மருத்துவமனை வார்டுகளில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்ற அவர் மனைவி, ஒரு நாள் பொறுமை இழந்து தம் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"டேய், உங்க அத்தானை எங்கயாவது கூட்டிட்டுப் போடா. இன்னைக்கு என் மாத்திரைய எடை போட ஆரம்பிச்சிட்டார்."

அந்த மைத்துனர் சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்குப் பல் மருத்துவர் ஒருவரோடும், கப்பலிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவரோடும் கோல்ஃப் ஆடுகிறவர். மைதானத்து விதிப்படி ஒரு கூட்டத்துக்கு நான்கு பேர். அந்த நான்காவது இடம் காலியாக இருந்தது. மைத்துனரின் பழைய மட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் அதில் போய் நின்றார். இரண்டே வாரத்தில் பல் மருத்துவர் அவருக்குத் 'தராசு' என்று பெயர் வைத்தார்.

பணியில் இருந்தபோது அவர் வருகையை விரும்பியவர் எவருமில்லை. அவருடைய ஜீப் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்களின் முகம் இருண்டுவிடும். அப்படி வாழ்ந்தவருக்கு, ஐந்து நிமிடம் தாமதித்தால் "தராசு எங்க, காணோம்?" என்று மூன்று பேர் கேட்கும் இடம் ஒன்று அறுபது வயதுக்கு மேல் கிடைத்தது. சனிக்கிழமைக்கான சட்டையை அவர் வியாழக்கிழமையே இஸ்திரி போட்டு வைப்பார் என்பது மனைவிக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

ஒரே தடை ஏழாவது குழிக்கு முன்னால் கிடந்த குளம். இக்கரையிலிருந்து அக்கரைக்கு நூற்றைந்து கஜம். மற்ற மூவரும் ஏழாம் எண் இரும்பு மட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பேச்சை விட்ட இடத்தில் தொடர்வார்கள். தராசின் பந்து மட்டும் தண்ணீரில் விழும். அவர் குறிப்பேட்டின்படி அதுவரை நாற்பத்தொரு பந்துகள்.

"தராசு, மீனெல்லாம் இப்போ அடை காக்க ஆரம்பிச்சிடுச்சு" என்பார் பல் மருத்துவர்.

இந்த நிலையில்தான் பல் மருத்துவரின் பக்கத்து வீட்டுக்கு ஒருவர் குடிவந்தார். கண்ணை மூடிக்கொண்டு குளத்தைத் தாண்டக்கூடியவர். அவருக்கும் ஆறு மணிக் கூட்டத்தில் சேர ஆசை. ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பல் மருத்துவர், பல்லைப் பிடுங்கும் முன் பேசும் இதமான குரலில் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க தராசு. உங்களால ஒவ்வொரு வாரமும் குளத்தங்கரையில கால் மணி நேரம் போயிடுது. மாசக் கடைசிச் சனிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு தடவை தாண்டிட்டீங்கன்னா நீங்கதான் நாலாவது ஆள். இல்லேன்னா ஏழு மணிக் கூட்டத்துல ஒரு எடம் இருக்கு."

ஏழு மணிக் கூட்டம் பேசாமல் ஆடுகிற கூட்டம். அங்கே யாரும் யாரையும் காணோம் என்று கேட்பதில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் சிந்தித்தார். அளவு பிழைத்தால் முதலில் கருவியைச் சோதிக்கவேண்டும் என்பது துறையின் முதல் பாடம். இரவல் மட்டை, இன்னொருவர் உயரத்துக்கும் வீச்சுக்கும் செய்யப்பட்டது. ஆகவே தமக்கென்று அளந்து பொருத்திய இரும்பு மட்டைகள் வேண்டும். இந்த முடிவு சரியானதே. அளக்கப்படவேண்டிய இன்னொரு கருவி தாமே என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கருவியின் குணம் மட்டும் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை கூடத்தின் நடுவே காலணியோடு விறைத்து நின்று, மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள உயரத்தை எஃகு நாடாவால் அளக்குமாறு மனைவியைப் பணித்தார். மட்டையின் நீளத்தை அந்த உயரம்தான் தீர்மானிக்கும்.

நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்த மனைவி, "மூச்ச விடுங்க" என்றார்.

"ஏன்?"

"நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னா அரை இஞ்ச் கூடத்தான் காட்டும். நீங்க நிக்கிறதப் பாத்தா மட்டை அளக்கிற மாதிரி இல்ல, கொடியேத்துற மாதிரி இருக்கு."

"நான் எப்பவும் இப்படித்தான் நிப்பேன்" என்றார் அவர். நாடாவைப் பார்த்து அவர் சொன்ன எண்ணை மனைவி எழுதிக்கொண்டார்.

மட்டைக் கடையின் பின்னறையில் பச்சைப் பாய் விரித்து, எதிரே வலை கட்டியிருந்தார்கள். பாயின் பின்னால் சிறு பெட்டி ஒன்று வீச்சின் வேகத்தையும் பந்து போகக்கூடிய தூரத்தையும் கணித்துத் திரையில் காட்டும். மட்டை பொருத்தித் தரும் பெண்மணி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். வேகமாக வீசுகிறவருக்கு விறைப்பான தண்டு. மெதுவாக வீசுகிறவருக்கு வளைந்து கொடுத்துப் பந்தை மேலே தூக்கும் மென்மையான தண்டு. ஒவ்வொரு முறையும் பந்தை மட்டைத் தலையின் நடுவில் அடிப்பவருக்கு மெல்லிய தலை. அங்குமிங்கும் படுகிறவருக்கு, பிழை பொறுக்கும் அகன்ற தலை.

"இந்தப் பெட்டிய கடைசியா எப்போ சரிபார்த்தீங்க?" என்று அவர் கேட்டார்.

பெண்மணி சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். தேதி சரியாக இருந்தது. சற்று ஏமாற்றத்தோடு அவர் பாயில் ஏறினார். சட்டையை இழுத்துச் செருகினார், மூச்சை அடக்கினார், உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் திரட்டி வீசினார்.

"எண்பத்திரண்டு மைல் வேகம்" என்ற பெண்மணி அவர் முகத்தைப் பார்த்தார். "சார், சனிக்கிழமை அடிக்கிற மாதிரி அடிங்க."

"இதுதாம்மா சனிக்கிழமை."

"முகமெல்லாம் சிவந்திருக்கே சார்."

"கிழமைக்கு ஏத்த மாதிரி மாறுற கை இல்லம்மா இது. இன்னொரு தடவை அளந்து பாருங்க."

இன்னொரு தடவையும் எண்பத்திரண்டு வந்தது. அவர் அதை வரவழைத்தார். மட்டைத் தலையில் ஒட்டியிருந்த தாளில் பந்து பட்ட தடங்கள் நுனியிலும் அடியிலுமாகச் சிதறிக் கிடந்தன. பெண்மணி அதைச் சுட்டிக்காட்டி, "மென்மையான தண்டு, அகலத் தலை. ஒரு தடவை அடிச்சுப் பாக்கறீங்களா?" என்றார். அந்த மட்டையின் தண்டில் மூத்தோருக்கானது என்று அச்சிட்டிருந்ததை அவர் படித்துவிட்டார்.

"எண்பத்திரண்டுக்கு உங்க அட்டவணை என்ன சொல்லுது?"

"விறைப்பான தண்டு."

"அப்போ அதையே குடுங்க. அளந்து பாத்ததுக்கப்புறம் அபிப்பிராயம் எதுக்கு?"

பெண்மணி சிறிது யோசித்துவிட்டு, "ஒரு மாசத்துக்குள்ள மாத்திக்கலாம் சார்" என்றார். பிறகு, தேவைக்கு மேல் தெளிவாக, "ஒரு மாசம்" என்று மீண்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அந்த விறைத்த மட்டை தன் வேலையைக் காட்டியது. பந்து எழும்பவே மறுத்தது. தரையோடு தரையாக வலப்புறம் வளைந்து ஓடி, குளத்தின் அகலமான பகுதியைத் தேடிக்கொண்டு விழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் முழங்கை வரை அதிர்ந்தது.

"அத்தான், வாங்கின மட்டைய ஓரமா வச்சிட்டுப் பழைய மட்டையால அடிங்களேன்" என்றார் மைத்துனர்.

"பழசுல பந்து தெரியாத்தனமா விழுந்துச்சு. இப்போ முகவரி கேட்டுக்கிட்டுல்ல போகுது" என்றார் பல் மருத்துவர்.

அதற்கடுத்த வாரமும் அதே கதை. மாதக் கடைசிக்கு இன்னும் ஒரே சனிக்கிழமை. அன்று மாலை கையில் சூட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி, "எனக்கும் இந்த ஆட்டத்தக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். அந்தக் கடைக்கே போகலாம், வலை இருக்குன்னீங்களே" என்றார்.

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையின் வலியே மறந்துபோயிற்று. திங்கட்கிழமை காலை, கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார்கள். மட்டை பொருத்தும் பெண்மணியும் மனைவியும் முன்பின் அறியாதவர்கள்போல் வணக்கம் சொல்லிக்கொண்ட விதத்தில் ஏதோ இருந்தது. துறையில் இருந்திருந்தால் அதைக் கவனித்திருப்பார். பெண்மணி நீட்டிய மட்டையைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

"முதல்ல இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பாரு, குருவிக்குஞ்சப் பிடிச்ச மாதிரி. தலைய ஆட்டாதே. பலமே வேண்டாம். இப்படி... பாத்தியா? இடுப்பு தானா திரும்பும். இன்னொரு தடவை பாரு..."

பேசிக்கொண்டே ஏழு பந்துகளை அடித்துவிட்டார். எட்டாவதுக்குக் குனிந்தபோது, "போதுங்க" என்று மனைவி தடுத்தார்.

பெண்மணி திரையை அவர் பக்கம் திருப்பினார். அறுபத்தாறு மைல் வேகம். ஏழு பந்துகளில் ஒன்றுகூட நூற்றுப் பதினைந்து கஜத்துக்குக் குறையவில்லை.

"இது யாரோட கணக்கு?" என்று கேட்டார்.

"உங்களோடதுதான் சார். இப்போ அடிச்சீங்களே."

கையிலிருந்த மட்டையை அப்போதுதான் பார்த்தார். அகன்ற தலை. மூத்தோருக்கான தண்டு. தலையில் ஒட்டிய தாளில், ஏழு தடங்களும் ஒரு நாணயத்தால் மறைத்துவிடக்கூடிய இடத்துக்குள் இருந்தன.

மனைவி அமைதியாக விளக்கினார். "வார்டுல மூச்ச எண்ணணும்னா, எண்ணப் போறேன்னு சொல்லவே மாட்டோம். சொன்னா நோயாளியோட மூச்சே மாறிடும். நாடி பிடிக்கிற மாதிரி கையப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சப் பாத்து எண்ணிக்குவோம். அன்னைக்கு நாடாவப் பிடிச்சப்பவே தெரிஞ்சுது, நீங்க அந்த மாதிரி நோயாளின்னு."

அவர் பாயிலேயே நின்றிருந்தார். கல்லாவுக்கு அடியில் இரண்டு வகை எடைக்கல் வைத்திருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். ஆய்வாளர் வந்தால் ஒன்று. அன்றாட வியாபாரத்துக்கு இன்னொன்று. அவர்களைப் பிடிக்க எத்தனை திடீர் சோதனைகள்! எத்தனை பக்க அறிக்கைகள்! தம்மைச் சோதிக்கும்போது மட்டும், நாள் குறித்து, சட்டையை இஸ்திரி போட்டு, முன்னறிவிப்போடு போயிருக்கிறார்.

"என் மேலயே ஒரு வழக்குப் போடணும்" என்றார் கடைசியில்.

"போடலாம். முதல்ல மட்டைய மாத்துங்க" என்றார் மனைவி.

மென்மையான தண்டுகள் பொருத்திய மட்டைகள் அலமாரியின் மேல்தட்டில் அவர் பெயர்ச் சீட்டோடு காத்திருந்தன. மனைவி தொலைபேசியில் சொன்னபடி மணிக்கட்டு உயரத்தில் அரை அங்குலம் குறைத்து, அவர் முதன்முதலில் வந்த அன்றே பெண்மணி எடுத்துவைத்தவை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை, வேடிக்கை பார்க்கப் பல் மருத்துவரின் பக்கத்து வீட்டுப் புதியவரும் ஏழாவது குழிக்கு வந்துவிட்டார். நான்கு ஜோடிக் கண்கள். தராசு பந்தின் முன் போய் நின்றார். நின்றதும் கை தானாகச் சட்டையைச் செருகியது. நெஞ்சு நிமிர்ந்தது. மூச்சு நின்றது. கடைக்குள் ஆய்வாளர் நுழைந்துவிட்டார் என்பது அவருக்குப் புரிந்தது. மட்டையைக் கீழே ஊன்றினார்.

"ஒரு விண்ணப்பம்" என்றார். "எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"எதுக்கு?" என்றார் கேப்டன்.

"யாராவது பாத்தா என் கை பொய் சொல்லுது."

பல் மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். "முப்பத்து நாலு வருஷம் ஊரையே உத்துப் பாத்த மனுஷன், தன்னை யாரும் பாக்கக் கூடாதுங்கிறார். சரி, திரும்புங்கப்பா."

நால்வரும் மரங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அவர் மூச்சை விட்டார். செருகிய சட்டையை வெளியே இழுத்துவிட்டார். "இறுக்கிப் பிடிக்கக் கூடாது, குருவிக்குஞ்சு" என்று, எதிரே மனைவி நிற்பதுபோல் முணுமுணுத்தபடியே வீசினார்.

'டக்' என்ற சத்தம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

"தண்ணி சத்தம் கேக்கலையே" என்றார் மைத்துனர், மரங்களிடம். "அத்தான், அடிச்சிட்டீங்களா?"

அத்தான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மெத்தென்று எழுந்து, அவர் ஓராண்டாக மனப்பாடம் செய்திருந்த அகலத்தைக் கடந்து, அக்கரைப் புல்லில் ஒரு முறை குதித்துப் படுத்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் சாட்சிக் கையெழுத்து இல்லாமல் ஒரு சோதனையையும் ஏற்றுக்கொள்ளாத அவருக்கு, அந்த அடிக்கு ஒரு சாட்சிகூட இல்லை.

எல்லோரும் குளத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் மையால் வரைந்த சிறு தராசுக் குறியோடு பந்து காய்ந்து கிடந்தது. பல் மருத்துவர் அதைக் குனிந்து ஆராய்ந்தார்.

"கையால தூக்கிப் போடலையே?"

"நூற்றைந்து கஜம் கையால தூக்கிப் போட முடிஞ்சா இந்த மட்டை எனக்கு எதுக்குங்க?"

அந்த வாதத்தில் பிழை காண யாராலும் முடியவில்லை. புதியவர்தான் முதலில் கை தட்டினார். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் புதியவர் ஏழு மணிக் கூட்டத்துக்குப் போனார். பேசாமல் ஆடுவது தமக்கு ஒத்துப்போகிறது என்று சொல்லிக்கொள்கிறார்.

ஏழு மணிக் கூட்டத்தார் எங்காவது விரைவாக ஆடி நெருங்கிவிட்டால், குளத்தங்கரையில் ஒரு காட்சியைக் காண்பார்கள். மூன்று பெரியவர்கள் குளத்துக்கு முதுகைக் காட்டி, மரங்களைப் பார்த்தபடி வரிசையாக நிற்பார்கள். நான்காமவர் பின்னால் நின்று குருவிக்குஞ்சைப் பற்றி ஏதோ முணுமுணுப்பார்.

"தராசு, முடிஞ்சுதா? கழுத்து வலிக்குது" என்று முதுகைத் திருப்பாமலே பல் மருத்துவர் கத்துவார்.