பிளஷருக்குச் சுண்ணாம்புக் குறி

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் சீவலப்பேரிப் பக்கம் எந்தக் களத்தில் போய்க் கேட்டாலும் என்னைத் தெரியும். மூட்டை தூக்க வந்த அதே அரிசி ஆலையை, இருபத்தாறு வருஷம் கழித்து நானே வாங்கினேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை.

ஆலையோடு சேர்த்து ஒரு காரும் வந்தது. அந்தக் காலத்தில் காரை நாங்கள் பிளஷர் என்றுதான் சொல்வோம். உமிக் கொட்டகையில் நான்கு சக்கரமும் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. பழைய முதலாளியின் வண்டி. அவர் ஓட்டிய காலத்திலேயே பாட்டரிக்கு உயிர் இருக்காது, காலையில் தானாகக் கிளம்பாது. பின்னால் நின்று தள்ளுவது என் வேலை. இரண்டு வருஷம் தள்ளினேன். எஞ்சின் பிடித்தவுடன் இரண்டு முறை விக்கும். அப்புறம் முகத்தில் புகையை ஊதிவிட்டுப் போகும். முதலாளி ஒருநாளும் திரும்பிப் பார்த்தது கிடையாது. நானும் ஒருநாளும் அதில் ஏறி உட்கார்ந்தது கிடையாது.

அதே வண்டி, அதே எஞ்சின், பின் சீட்டில் நான். அப்படியே அம்பாசமுத்திரம் சந்தை வரை ஒரு தடவை போய் இறங்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். வேறு எஞ்சினை மாட்டிக்கொண்டு போவதற்கு எதற்குப் பழைய வண்டி? வாசலில் புது வண்டி ஒன்று நிற்கத்தானே செய்கிறது.

பாளையங்கோட்டையில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். மேஸ்திரி என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வேதக்காரர், அன்றைக்குப் பட்டறை திறக்கமாட்டார். நல்ல கைக்காரர் என்று நாலு பேர் சொன்னார்கள். நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னதில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

பழைய வண்டியின் சாமான்களுக்கு இப்போது கிராக்கி அதிகம். அசலைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு டூப்ளிகேட்டை மாட்டினால் எனக்கென்ன தெரியப்போகிறது? எனக்கு நெல் தெரியும், இரும்பு தெரியாது. அதனால் நெல்லுக்குச் செய்வதையே இரும்புக்கும் செய்தேன்.

களத்தில் நெல்லைக் குவித்துவிட்டால், சுண்ணாம்பைக் கரைத்துக் குவியலின் மேல் குறி போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். ஒரு படி அள்ளினாலும் நெல் சரியும், குறி உடைந்துவிடும். என் குறியைத் திரும்ப எவனாலும் போட முடியாது. ஆலை பெல்ட்டில் சிக்கி வலது ஆட்காட்டி விரலில் ஒரு கணு போய்விட்டது. மூன்று விரலால் இழுத்தால் இரண்டு கோடு நீளம், ஒரு கோடு குட்டையாகக் கோணிக்கொண்டு நிற்கும். அது என் கையெழுத்து மாதிரி. கையெழுத்தைவிட நன்றாகவே வரும்.

சனிக்கிழமைதோறும் பஸ் ஏறுவேன். சுண்ணாம்பு டப்பா ஜிப்பா பையில் இருக்கும். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பும்போது எஞ்சினில் எங்கெங்கே இரண்டு சாமான் சேர்கிறதோ அங்கெல்லாம் ஒரு குறி இழுப்பேன். போன வாரத்துக் குறி மங்கியிருந்தால் அதன் மேலேயே இன்னொரு பூச்சு. முக்கியமாகக் கார்புரேட்டர். எஞ்சினுக்குப் பெட்ரோலை ஊட்டும் சாமான் அதுதான். அசலாகக் கிடைக்கவே கிடைக்காது என்று முதல் நாளே அவர் சொல்லியிருந்தார். அதனால் அதற்கு மட்டும் நாலு குறி.

மேஸ்திரி அடித்தட்டை வெட்டி ஒட்டினார், கதவுகளை டிங்கரிங் செய்தார். ஐந்து மாதம் ஓடியது. எஞ்சின் பக்கம் போகவே இல்லை. குறி ஒன்றும் கலையவில்லை. கலையவில்லை என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஏன் கலையவில்லை என்று அப்புறம் சந்தேகப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. வண்டியை வித்துருங்க. கேக்கதுக்கு ஆளு இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. “எந்த ஆளு வே? உம்ம ஆளா?”

“யாரா இருந்தா என்ன? எஞ்சினு சரியா வராது. பாடிக்கே நல்ல விலை தருவாக.”

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டம்மா முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. “குடுத்துருங்களேன். கொட்டகை இப்படியே காலியா இருக்கட்டும்.”

இவளுமா! மேஸ்திரி வீட்டுக்காரியும் இவளும் எங்கேயாவது பார்த்துப் பேசியிருப்பார்களோ என்றுகூடத் தோன்றியது. விட்டுவிடு என்று சொல்கிறவனுக்கு அதில் ஒரு லாபம் இருக்கும். ஐம்பது வருஷ வியாபாரத்தில் நான் படித்த பாடம் அது ஒன்றுதான். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. விற்றுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். விற்பதென்றாலும், என்ன போயிருக்கிறது, என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விற்பது என்று நாலாம் நாள் கிளம்பிவிட்டேன். சனிக்கிழமை இல்லை, புதன்கிழமை. சொல்லாமல் போனால்தானே பிடிக்க முடியும்?

பானட்டைத் தூக்கிக் கார்புரேட்டரைக் கிட்டத்தில் பார்த்தேன். குறி அப்படியே இருந்தது. ஆனால் சாமான் பழைய சாமானாக இல்லை. நான் கொண்டுவிட்டபோது மழுமழுவென்று இருந்தது. இப்போது ஓரமெல்லாம் வெள்ளை பூத்து, சொரசொரவென்று நின்றது.

“அசலு எங்க வே?” என்று கத்தினேன். “மாத்திப்புட்டு அது மேல என்னைய மாதிரியே குறியும் போட்டு வச்சிருக்கீரு!”

பட்டறையில் அடித்துக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது.  மேஸ்திரி கந்தையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து என் கையில் கொடுத்தார்.

“நீங்களே துடைங்க. பைய.”

துடைத்தேன். சுண்ணாம்பு போயிற்று, குறி போகவில்லை. இரண்டு கோடு நீளம், ஒரு கோடு குட்டை, கோணல். என் விரல் உலோகத்துக்குள் பள்ளமாக இறங்கியிருந்தது.

“இது அலுமினியம் அண்ணாச்சி. அலுமினியச் சட்டில யாராவது சுண்ணாம்பு கரைப்பாகளா? வாரா வாரம் ஈரத்தோட பூசுனா அரிக்காம என்ன செய்யும்? இடுக்குல இறங்கி மூடி உக்காருத முகத்தையே தின்னுருக்கு.”

 திருட்டுப் போகவில்லை, அசல்தான் என்பதற்குச் சாட்சி அந்தப் பள்ளம். அசலைக் கெடுத்தது யார் என்பதற்கும் அதே பள்ளம்தான் சாட்சி.

“பார்த்தவுடனே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன், குரல் தாழ்ந்துதான்.

“சொன்னா நம்பியிருப்பியளா? நான் துடைச்சா குறி அழியும். அழிஞ்சா களவாணிம்பிய. எஞ்சினைத் தொடாம இருந்ததும் அதுக்குத்தான். வித்துருங்கன்னு சொன்னதும் அதுக்குத்தான்.”

“இனி ஒண்ணும் செய்ய முடியாதா?”

அவர் கட்டைவிரலால் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். “லேத்துல வச்சு முகத்தைச் சீவிப் பாக்கலாம். ஓடுனாலும் ஓடும், ஓடாமலும் போவும். ஆனா ஒண்ணு. நானா கூப்பிடுத வரைக்கும் நீங்க இங்கன வரக் கூடாது. சனிக்கிழமையும் வரக் கூடாது, புதன்கிழமையும் வரக் கூடாது. சம்மதம்னா சாவியக் குடுங்க. இல்லைன்னா வண்டிய ஏத்திட்டுப் போங்க.”

மூட்டை தூக்கிய நாள் முதல், பக்கத்தில் நின்று பார்க்காத எதையும் நான் நம்பியதில்லை. பார்த்துக்கொண்டே நின்றதால்தான் இந்த அளவுக்கு வந்தேன். வண்டியை விடுவதா, காவலை விடுவதா? இரண்டில் ஒன்று என்றால் எனக்கு வண்டியை விடுவதுதான் லேசு. நியாயமாக அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோணல் பள்ளத்தைப் பார்க்கப் பார்க்க, இதை இன்னொருவன் கையில் கொடுத்து அவன் சிரிப்பதற்கு மனம் வரவில்லை. சாவியை பானட்டின் மேல் வைத்தேன்.

“குறி போடலையா அண்ணாச்சி?” என்றார். சிரித்தாரா என்று பார்த்தேன், தெரியவில்லை.

அது நடந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. முதல் சனிக்கிழமை ஆலையைவிட்டு நகரவில்லை. இரண்டாம் சனிக்கிழமை வீட்டம்மா கேட்டாள், “வண்டி இன்னும் அங்கனதான் இருக்கா, இல்ல கைமாறி மலையாளத்துக்குப் போயிட்டா?” விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

இன்று மூன்றாவது. மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டை பஸ் ஏறினேன். பட்டறைத் தெருமுனையில் ஒரு டீக்கடை. அங்கே நின்றால் தகரக் கூரை மட்டும் தெரியும். அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை. டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போது கூரைக்கு அடியில் ஏதோ ஒரு எஞ்சின் உறுமி உறுமி நின்றது. மறுபடி உறுமியது. பிடித்துக்கொண்டு ஒருமுறை விக்கியது.

எங்கள் வண்டி இரண்டுமுறை விக்கும். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த விக்கலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அதற்குள் சீவலப்பேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. எஞ்சின் சத்தம் அதில் அமுங்கிவிட்டது, இன்னொரு விக்கல் வந்ததா என்று தெரியவில்லை.

கிளாஸை வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.