பிறந்த வீட்டுக் கோடி

என் தங்கை இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். அங்கே வெள்ளைக்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிக்கொண்டிருந்தவளுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று ஒரு நாள் போன் வந்தது. "அண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போண்ணே" என்றாள். அதற்கு முன் என்னிடம் எதையுமே கேட்டவளில்லை.

விசாவுக்கு விண்ணப்பித்தேன். திருச்சுழிப் பக்கம் வாத்தியார் வேலை, நாலு ஏக்கர் மானாவாரிக் காடு, பெண்டாட்டி, பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் காகிதம் வைத்தேன். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டிருந்த இடத்தில், பொய் சொல்லத் தெரியாத மடையன், "அவள் எழுந்து நடமாடும் வரை" என்று எழுதிவைத்தேன். நான் ஊர் திரும்புவேன் என்று நம்ப முடியவில்லை என்று பதில் வந்தது. எங்கள் ஊரில் மழை திரும்பி வருமா என்றுதான் சந்தேகப்படுவோம். மனிதர்கள் எங்கே போனாலும் வந்துவிடுவார்கள்.

அதே வாரம் இங்கிலாந்துக்காரப் பெண் ஒருத்தி, தனியாகச் சைக்கிளில் ராமேஸ்வரம் போகிறவள், எங்கள் தெருமுனையில் பஞ்சராகி நின்றாள். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நல்ல நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினேன். அவள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். என் வீட்டில் நான் ஏன் நின்றேன்? நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

விசா எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். போனிலேயே விண்ணப்பித்தாளாம், மூன்றாம் நாள் வந்துவிட்டதாம். திரும்பிப் போவாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளுடைய பாட்டன் பூட்டன்களையும் அன்று யாரும் கேட்கவில்லை. வரி வாங்கிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக இருந்துவிட்டுத்தான் போனார்கள்.

இரண்டு நாள் தங்கிவிட்டு அவள் கிளம்பினாள். அவள் ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்த அன்று என் தங்கை இறந்துபோனாள்.

அங்கே அடக்கத்துக்கு இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். மறுபடி விண்ணப்பித்தேன். பதிலே இல்லை. எங்கள் பக்கம், கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை போக வேண்டும். அண்ணனோ தம்பியோ தன் கையால் அதை உடம்பின்மேல் போர்த்த வேண்டும். அதன் பிறகுதான் எடுப்பார்கள். "மச்சான், நீங்க வரலைன்னா கோடிய யாரு போடுறது?" என்று தங்கை புருஷன் போனில் அழுதார்.

அருப்புக்கோட்டையில் ஒரு சிவப்புச் சேலை எடுத்து வந்தேன். "என்னங்க, அந்த சைக்கிள் பிள்ள அடுத்த வாரம் ஊருக்குப் போகுதாம். அதுட்ட குடுத்து விடுவமா?" என்று மனைவி கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு வழியும் இல்லை. மதுரையில் அவளைப் பார்த்துச் சேலையைக் கொடுத்தேன். விஷயத்தைக் கேட்டு அவள் அழுதாள். நல்ல பெண். அதனால் அவளைத் திட்டக்கூட முடியவில்லை.

அடக்கத்தன்று போன் திரையில் தங்கையைக் காட்டினார்கள். முகம் சிறுத்துப் போயிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் கறுப்பு உடையில் அந்தப் பெண் நின்றாள். சேலையைத் தங்கை புருஷனிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "நான் போடக் கூடாது மச்சான், பிறந்த வீட்டு ஆளுதான் போடணும். கொண்டுவந்தவுகளே போடட்டும்" என்றார்.

எப்படிப் போர்த்துவது என்று அவள் என்னைக் கேட்டாள். கழுத்திலிருந்து கால்வரை, முகத்தை மூடிவிடாதே என்றேன். மெதுவாகப் போர்த்தினாள். நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கிவிட்டு, கையைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

"ரொம்பச் சில்லென்று இருக்கிறாளா?" என்று அவளிடம் கேட்டேன்.

ஆமாம் என்று தலையாட்டினாள்.