அண்ணன் நம்பரைக் கொடுத்தேன்

துபாயில் வெல்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். டெஸ்டில் நான் பாஸ் ஆகிவிட்டேன். பாஸ்போர்ட்தான் இல்லை. சீக்கிரம் கொடுக்காவிட்டால் அந்த இடத்தை வேறொருத்தனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார்.

துபாய் மேல் எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. ஒரகடம் ரோட்டை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. அங்கேதான் என் அண்ணன் செத்துப்போனான். ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தவனை லாரி அடித்துவிட்டது. என் கம்பெனி பஸ் தினமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகும். கிட்டே வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன். பஸ்ஸில் எல்லாரும் தூங்கிக்கொண்டு வருவதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

படப்பையில் ஒரு பிரவுசிங் சென்டரில் அப்ளை பண்ணினேன். டைப் அடித்த பெண் எல்லாம் கேட்டுக்கொண்டே வந்து, "எமர்ஜென்சிக்கு யார் நம்பர் போடட்டும்?" என்றாள்.

என் வாய் பாட்டுக்கு ஒரு நம்பரைச் சொன்னது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"யாரு இது?"

"எங்க அண்ணே."

"அவரும் இதே அட்ரஸ்தானா?"

"ஆமாங்க."

தெருவுக்கு வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. திரும்பிப் போய் மாற்றச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. 'அவர் இல்லைங்க' என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியிருக்கும். அதுவரை யாரிடமும் நான் அதை என் வாயால் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள், நான் பக்கத்தில் நின்றேன்.

அண்ணன் போன் எங்கள் ரூமில்தான் இருந்தது. சுங்குவார்சத்திரத்தில் வாடகை ரூம். அண்ணன் படுத்த பாயில் இப்போது எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் படுக்கிறான். அந்தப் போனைச் சார்ஜ் போட்டு ரீசார்ஜும் பண்ணிவந்தேன். அணையவிட மனசு வரவில்லை. ஆக்சிடெண்ட் கேஸ் விஷயமாக ஸ்டேஷனிலிருந்து அதில்தான் கூப்பிடுவார்கள். நான் எடுக்க மாட்டேன். ரூம் பையன்தான் எடுத்துப் பேசுவான்.

தாம்பரம் பாஸ்போர்ட் ஆபீசில் போட்டோ, கைரேகை எல்லாம் முடிந்தது. பத்தாவது பெயில் என்பதால் வெளிநாட்டு வேலைக்குத் தனியாக ஒரு அனுமதி வாங்கணும் தம்பி என்றார்கள். சரி என்றேன். இனி போலீஸ் விசாரித்துச் சரி என்று எழுதிவிட்டால் பாஸ்போர்ட் வந்துவிடும்.

அதற்கப்புறம் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தால், தெரியாத நம்பரிலிருந்து நிறைய மிஸ்டு கால். பிளான்ட்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ரூமுக்கு வந்தேன். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் படுத்திருந்த ரூம் பையன் எழுந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, அண்ணே போனுக்கு ஸ்டேஷன்லருந்து பேசுனாய்ங்கடா. நல்லா தூங்கிட்டு இருந்தேன். அதே கேஸ்தான் போல. 'அவரு எறந்துட்டாப்ல சார், எத்தன வாட்டிதான் சொல்றது'ன்னு கேட்டு வச்சுப்புட்டேன்."

அண்ணன் போனை எடுத்து நம்பரைப் பார்த்தேன். என் போனில் இருந்த அதே நம்பர்.

"டேய், அது கேஸ் இல்லடா. என் பாஸ்போர்ட்டுக்கு விசாரிச்சிருக்காங்க."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அப்ப ஒன்னையவா கொன்னுட்டேன்?"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அழ ஆரம்பித்துவிட்டான். நான் அழவில்லை. நான் செத்துவிட்டதாக ரிப்போர்ட் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு.

ஹவுஸ் ஓனர் அக்காவிடம் போய்ச் சொன்னேன். இங்கே வாடகைக்கு விடுகிறவர்கள் ஸ்டேஷன் என்றாலே ஒதுங்கிக்கொள்வார்கள். ஆனால் அக்கா நேராக உள்ளே போய், சர்ச்சுக்கு மட்டும் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். "இன்னாடா பாத்துகினு நிக்கிற, ஆட்டோவ கூப்புடு."

ஸ்டேஷனில், போன் பண்ணிய ஏட்டு என் ஆதாரையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீ செத்துட்டனு சொன்னாங்களே. ஆவியா வந்துகிறியா?"

"சார், அது வந்து..."

அக்காதான் பேசினார். "பூட்டது இவுங்க அண்ணன் சார். ரெண்டும் ஒரே தட்டுல சாப்புடும். இவன் எங்கூட்லதான் கீறான். நான் சொல்றேன், எழுதிக்கோ."

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "செத்தவரு நம்பர எதுக்குப்பா எமர்ஜென்சிக்குக் குடுத்த? உனக்கு எதுனா ஒண்ணுனா யாரு வருவா?"

"எங்க அண்ணேதான் சார் வரும்" என்றேன். சொல்லிவிட்டு, "எங்க அண்ணே செத்துருச்சு சார்" என்றேன்.

அவ்வளவுதான். முதல் தடவையாகச் சொல்லிவிட்டேன். அப்புறம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டு யாரிடமோ தண்ணீர் கேட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா அம்மா?" என்றார்.

"அப்பா இல்ல சார். அம்மா ஊர்ல இருக்காங்க. போன் எடுக்கத் தெரியாது."

"எனக்கு ஒரு ஆளு வேணும்பா, பேசறதுக்கு."

"என் நம்பர எழுதிக்கோ சார்" என்றார் அக்கா.

"நீங்க இன்னா வேணும்மா இவருக்கு?"

"ஹவுஸ் ஓனரு." ஏட்டு எழுதக் குனிந்ததும், "அக்கானு போடு சார். சொன்ன பேச்சு ஒண்ணு கேக்க மாட்டான், தம்பிங்க அப்டித்தான் இருக்கும்."

ஏட்டு சிரித்துக்கொண்டே எழுதினார்.

போலீஸ் விசாரணை முடிந்தது, பாஸ்போர்ட் அனுப்புகிறோம் என்று மெசேஜ் வந்ததைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று படித்தேன். கை தானாக அண்ணன் நம்பரை அழுத்தப் பார்த்தது. பாதியில் நிறுத்திவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஓகே ஆயிருச்சு."

"அப்பாடா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "எப்படா கெளம்புற?"

போகணும் என்றுதானே இவ்வளவும் செய்தேன். "தெரியலக்கா" என்றேன்.

"சரி, போறப்போ போ. இப்ப வரும்போது ஒரு பாக்கெட் பால் வாங்கினு வா."

பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். அந்த இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொள்ளவில்லை.